அவுக ஃபோல்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை எங்கே வைப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு நடந்தது. சாமி அறையில் வைக்கலாம் என்றார் அய்யா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த அறையில் மேசை போட்டு வைத்தார்கள். பிளக் பாயிண்ட் ஒழுங்காக இருந்த அறை அது ஒன்றுதான். ஆகையால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட வந்தவர்கள் எல்லோரும் முதலில் தும்மினார்கள். பிற்பாடு குளிரூட்டிய அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, தும்மாமலும் இந்த வேலையைப் பார்க்கலாம் என்பது எனக்குக் கொஞ்சம் வினோதமாகத்தான் இருந்தது.

வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா, அய்யாவின் தம்பி. வளைகுடா நாட்டில் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். ஒரு மாத லீவில் வந்தவர், அந்த ஒரு மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டார், என் காதுகுத்தை முன்னின்று நடத்தினார், கம்ப்யூட்டரை வாங்கி மாட்டினார், விமானம் ஏறிவிட்டார். மறுபடி வர இரண்டு வருடம் ஆகும். கடலாடிப் பக்கத்திலிருந்து வந்த புதுப்பெண்ணான சித்தி எங்களோடு தங்கிவிட்டார்.

சித்தப்பா வரும்போது ஒரு டிஜிட்டல் கேமராவும் கொண்டுவந்திருந்தார். அதன் பெருமையில் கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடவில்லை. "கேமரா கையில இருக்கைல ஸ்டூடியோக்காரன் எதுக்குண்ணே?" என்று அய்யாவிடம் அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உத்தரகோசமங்கைக் கோயிலில் தாலி கட்டினார்கள். சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் படம் எடுத்தார். மாலையும் கழுத்துமாக இருவரும் விறைத்துக்கொண்டு நிற்கும் கொஞ்சம் படங்கள். சித்தி எல்லாவற்றிலும் குனிந்திருந்தார். சித்தப்பா ரேஷன் கார்டுக்கு நிற்பவரைப் போல நேராகப் பார்த்தார். சித்தப்பா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவைச் சுத்தமாகத் துடைத்துக் காலி செய்து, மறு வாரம் என் காதுகுத்தைத் தாமே எடுத்தார். காலியான கேமரா படங்களுக்கு மறுபடி முதலிலிருந்து எண் போட ஆரம்பித்தது. இது அப்போது யாருக்கும் முக்கியமாகத் தோன்றவில்லை.

இரண்டு பாடம் மட்டும் சித்திக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார் சித்தப்பா. ஒன்று, ஃபோல்டரைத் திறப்பது. மற்றொன்று, அம்புக்குறியை அமுக்கி அடுத்த படத்துக்குப் போவது. சித்திக்கு அது போதுமானதாக இருந்தது. மத்தியானம் களத்தில் மிளகாயைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். தும்முவார். கரண்ட் போகும்வரை படம் பார்ப்பார். அந்தக் காலத்தில் கரண்ட் சீக்கிரமே போய்விடும்.

ஒரு நாள் அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். "அக்கா, கண்ண மூடுனா அவுக மொகமே வர மாட்டேங்குது. சட்டை வருது, மீசை வருது. மொகம் வரல. இத வந்து பாத்தாத்தான் வருது. ரெண்டு வருசத்துல மறந்துருவேனோன்னு பயமாருக்கு."

கண்ணை மூடினால் எனக்கும் யார் முகமும் வராது, இருட்டுதான் வரும். இதற்கெல்லாம் பெரியவர்கள் பயப்படுவார்களா என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன். அம்மா சித்தியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பெயர். எங்கள் குலசாமியின் பெயர். தலைமுறைக்கு ஒருவருக்காவது அதை வைத்தாக வேண்டும் என்பது கட்டாயம். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் அம்மா என்னை முன்னால் தள்ளிச் சொல்ல வைப்பார். சித்தி பாடு இன்னும் கஷ்டம். என்னைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. "ஏய் சின்னவனே" என்றுதான் கூப்பிடுவார்.

சொல்லக் கூடாத பெயரை டைப் அடிக்கலாமா என்று சாஸ்திரம் எதுவும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. சித்தி தாமே ஒரு முடிவுக்கு வந்து, அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டார். கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குச் சித்தப்பா பெயர் அடிக்கச் சொன்னபோது, இங்கிலீஷ் எழுத்தில் 'அவுக' என்று அடித்தார். என் காதுகுத்துப் படங்கள், சித்தப்பா புறப்படும் முன் எனக்காக உண்டாக்கிய என் பெயர் ஃபோல்டரில் தனியாக இருந்தன. சொந்தமாக ஒரு ஃபோல்டர் இருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருந்தேன்.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது என் அக்கா ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தாள்.

முதல் வாரமே அவளுக்கு ஃபைல், ஃபோல்டர் பாடம் நடத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் சாப்பிடக்கூட இல்லை. கம்ப்யூட்டர் என்பது பீரோ மாதிரி, யார் துணி எந்தத் தட்டில் என்று இருக்க வேண்டாமா என்று எங்களைக் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. திரை முழுக்க 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் காலி ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. யாராவது கைதவறி அமுக்கினால் ஒன்று முளைக்கும். அழிக்கப் பயந்து அப்படியே விட்டுவிடுவோம்.

அக்கா 'குடும்பம்' என்று ஒரு பெரிய ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்தாள். அய்யாவின் மிளகாய் மண்டிக் கணக்கு ஒரு தட்டில். அவள் பாடங்கள் ஒரு தட்டில். சித்தியின் 'அவுக'வைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சித்தி இது? ஊர்ல இருக்க பொம்பள எல்லாத்துக்கும் ஒரு அவுக இருக்காக. இத வச்சு எப்படித் தேடுறது? ஃபோல்டருக்கு முழுப் பேரு வைக்கணும்னு சார் சொல்லிருக்காரு."

"நீயே வையி தாயி. நான் அடிக்க மாட்டேன்," என்றார் சித்தி. பிறகு களத்தில் மிளகாயை மூடப் போய்விட்டார்.

அக்கா அதை எடுத்து, சித்தப்பாவின் முழுப் பெயரைச் சூட்டி, 'குடும்பம்' தட்டில் வைத்தாள். அடுத்து வெளியில் கிடந்த என் ஃபோல்டரை இழுத்து அதே தட்டில் போட்டாள். ஒரே பெயரில் இரண்டு தட்டு ஒரு பீரோவில் இருக்காது அல்லவா? கம்ப்யூட்டர் கேள்வி கேட்டது. இந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, உள்ளே இருப்பதற்கும் ஒரே பெயராக இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. பாடத்தில் இன்னும் அவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடி முடிந்தது. திரை அழகாகிவிட்டது. அய்யா வந்து பார்த்து, "இப்பத்தான்டா வீடு மாதிரி இருக்கு," என்றார்.

மறுநாள் மத்தியானம் சித்தி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கணவன் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தார். முதல் படத்தில் ஒரு கிடாய் நின்றது. இரண்டாவதில் மொட்டைத் தலையோடு நான். எண்ணெல்லாம் அதே எண்தான், படம்தான் வேறு. சித்தி அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போனார். கல்யாணப் படங்களைவிடக் காதுகுத்துப் படங்கள் அதிகம் என்பதால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அக்கா வந்தாள். குப்பைக் கூடையில் தேடினாள். அவளுடைய சாருக்குப் போன் செய்தாள். மேலே வேறு படம் விழுந்துவிட்டால் குப்பைக்குக்கூட வராது என்று அவர் சொன்னாராம். கேமரா சித்தப்பாவோடு போய்விட்டது, அதிலும் பழைய படம் இல்லை. அக்கா விக்கி விக்கி அழுதாள். சித்தி அழவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், மத்தியானம்தான் திருப்பிப் போட்ட மிளகாயை மறுபடி திருப்பினார்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா போன் செய்தபோது அய்யாதான் சொன்னார். சித்தப்பா சத்தமாகச் சிரித்தது வெளியே எங்களுக்குக் கேட்டது. போனால் போகிறது, வந்து இன்னொரு தடவை மாலை மாற்றிக்கொள்கிறேன் என்றாராம். சித்தி போனை வாங்கி, "ம்", "ம்" என்று மட்டும் சொன்னார். அய்யாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன பேசுவது? வைத்த பிறகு அந்த அறைப்பக்கம் அவர் போகவே இல்லை.

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்துக்கொண்டு வந்தாள். தனித்தனி படம் கொடுத்தால் போதும், கழுத்தில் மாலை போட்டு, பின்னால் சரவிளக்கு மண்டபமும் வைத்து, சேர்த்துக் கொடுத்துவிடுவார்களாம். சித்தப்பாவுக்குப் பாஸ்போர்ட் படம் இருந்தது. சித்திக்கு ஏதாவது நல்ல படம் வேண்டும்.

"காதுகுத்து போட்டோவுல ஒன்னாவது இருக்கும். வாங்க சித்தி, பாத்துச் சொல்லுங்க," என்று கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். நானும் போய் நின்றுகொண்டேன். என் விசேஷம் அல்லவா?

சொல்லப்போனால் அந்தப் படங்களின் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் இருந்தது. என் காது குத்துகிற படத்தில் என் காது இல்லை. மாமா மடியில் உட்கார்ந்து வாய் பிளந்து அழுகிற என் பாதி முகம் ஓரத்தில் கிடக்கும். நடுவில் பார்த்தால், தூரத்தில் சித்தி பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். மொட்டை போடுகிற படத்தில் நாவிதரின் முழங்கை. நடுவில் சித்தி குடத்தோடு வருவார். கிடாயைப் படம் எடுத்தால் கிடாய்க்குப் பின்னால் சித்தி. பந்தியை எடுத்தால் இலை இலையாகக் குனிந்து சோறு வைக்கும் சித்தி. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி, யாரோ சொன்னதற்கு வாயைப் பொத்திச் சிரித்தபடி, முடியை அள்ளிச் செருகியபடி. சித்தப்பாவுக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, "இது? இது?" என்று கேட்டாள். சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட பாதி வந்ததும், "மொதல்ல இருந்து வையித்தா," என்றார். மறுபடி முதலிலிருந்து போனார்கள். பிறகு, "நீ போயிச் சாப்பிடு. நான் பாத்துக்கிறேன்," என்று அக்காவை அனுப்பிவிட்டு, அம்புக்குறியைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்குப் படம் போகவே இல்லை. மறந்துவிட்டது என்று சித்தி ஒரு தரம் சொன்னார், சரவிளக்கு வேண்டாம் என்று இன்னொரு தரம் சொன்னார். மத்தியானங்களில் மறுபடி அந்த அறையிலிருந்து தும்மல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சித்தி அதே ஃபோல்டரைத் திறந்து, அந்தக் கோணல்மாணலான படங்களை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் மறந்துபோகும் என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "இதுல சித்தப்பா ஒரு படத்துலகூட இல்லையே. அப்பறம் எதுக்குப் பாக்குறீக?"

சித்தி திரும்பாமலே சொன்னார். "எல்லாத்துலயும் இருக்காகடா."

அவர் எழுந்து போகும்வரை காத்திருந்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாகப் பெரிசு பண்ணித் தேடினேன். வேப்பமரத்துக்குப் பின்னால் பார்த்தேன், பந்தியில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன், நாங்கள் போன வேனின் கண்ணாடியில்கூடப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. நேராக அடுப்படிக்குப் போய், சித்திக்குக் கண் சரியில்லை, ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.