தூங்காத மாமா

அம்மாவின் தம்பி தூக்கத்துக்குப் பேர்போனவர். ஆபீஸ் விட்டு வரும்போது லோக்கல் ரயிலில் கண்ணயர்ந்து, இறங்கவேண்டிய மாட்டுங்காவைக் கோட்டைவிட்டு, தாணேயில் போய் விழிப்பார். அறுபதுகளில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அவரும் எங்களோடு இருந்தார். ஆபீஸில் வைக்கும் கணக்குப் பரீட்சையில் தேறினால்தான் அவர் வேலை நிலைக்கும். புத்தகத்தைத் திறந்தாலோ கொட்டாவி வரும்.

பரீட்சை நெருங்கியபோது ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், தூக்கம் வராமலிருக்க என்று கொஞ்சம் வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார்.

அதன்பின் வீட்டில் வேறொரு மாமா நடமாடினார். எனக்கு எட்டு வயது. அப்படியொரு மனிதரை நான் பார்த்ததேயில்லை. நான் தூங்கும்போதும் படித்தார், எழுந்தபோதும் படித்தார். படித்ததை எனக்கு மூச்சுவிடாமல் விளக்கினார். நடுவில் ஸ்டவ்வைக் கழற்றி மாட்டினார், எல்லோர் செருப்புக்கும் பாலிஷ் போட்டார். கருமணிகள் பெரிதாகி, கண்கள் மின்னின. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தட்டில் சோறு அப்படியே கிடக்கும்.

"ரெண்டு வாயாவது சாப்பிடேண்டா," என்பாள் அம்மா.

"பசிக்கவே இல்லக்கா. இத்தனை நாள் தூங்கியே வீணாப் போனேன்."

ஒருநாள் அவர் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஃபாஸ்ட் ரயில் போவதுபோல் தடதடத்தது. பலம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த பிற்பகல், அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மாமா ஜன்னல் ஓரமாக மறைந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கீழே பாரு. அவா என் பேரை எழுதிக்கறா. தெரியறதா?"

கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்தான். ஆனால் மாமா சொன்னதும் அவர்கள் எழுதுவதுபோலவே எனக்கும் தெரிந்தது. "ஆமாம் மாமா," என்றேன். உடனே அவர் டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவை அடைத்துவிட்டு, என்னைக் கட்டிலடியில் தள்ளித் தானும் நுழைந்துகொண்டார். அம்மா வந்து கதவைத் தட்டியபோது, கையால் என் வாயைப் பொத்தினார்.

அப்பா வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு கதவைத் தள்ளித் திறந்தார். கீழ்த்தளத்து டாக்டர் ஊசி போட்டார். சற்று நேரத்தில், பேச்சு பாதியில் நிற்க, மாமா சாய்ந்தார். மறுநாள் மாலைவரை அசையவில்லை. அம்மா அடிக்கடி அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். எனக்கோ பிரமிப்பு அடங்கவில்லை. அத்தனூண்டு மாத்திரை ஓர் ஆளை ஓட வைக்கிறது. ஒரு சொட்டு மருந்து அவரைச் சாய்த்துவிடுகிறது.

எழுந்தவர் பழைய மாமா. மெதுவாக ரசம் சாதம் சாப்பிட்டார். மிச்ச மாத்திரைகளை அப்பா சாக்கடையில் கொட்டிவிட்டிருந்தார். பரீட்சையில் மாமா தேறியும்விட்டார்.

"அந்த மாமாவைத்தான் எனக்குப் பிடிச்சுது," என்றேன் அவரிடம்.

"எனக்குந்தான், கொழந்தே."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்றுமுதல் மாமாவின் சட்டைகளைத் தோய்க்கும் முன் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்ப்பாள். ரயில் டிக்கெட் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் தேடுகிறாள் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.