வெள்ளரிக்காய் வைத்தும் ஆறாத கண்

மந்தைவெளியில், ஒரு மாடி அறையில் இருந்த டி.டி.பி. சென்டரில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. எல்லாம் கல்யாணப் பத்திரிகைகள். நானும் இன்னும் இரண்டு பெண்களும் டைப் அடிப்போம். ஸ்டெல்லா அக்கா புரூஃப் பார்ப்பார். சாந்தோம்காரர்; வாத்தியார்கள் நிறைந்த குடும்பம். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார்.

முகூர்த்த மாதங்களில் மத்தியானம் ஆனாலே கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அக்கா டிபன் பாக்ஸிலிருந்து வெள்ளரிக்காய் வில்லைகளை எடுப்பார்.

"கண்ண மூடுங்கடி. மானிட்டரும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

வெள்ளரி இல்லாத நாளில் நனைத்த கைக்குட்டை. அப்படிச் சாய்ந்து கிடந்தபோது பத்திரிகை வாங்க வந்த ஒரு மாமி, "இது ஆபீஸா, பியூட்டி பார்லரா?" என்றார். பிறகு, "நேக்கும் ரெண்டு குடுங்கோ" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஓர் ஆவணியில் அக்காவின் இடது கண் சிவந்தது. வெள்ளரி வைத்தார், பன்னீர் விட்டார். குறையவில்லை. எங்கள் முதலாளி திருநெல்வேலிக்காரர்.

"நந்தியாவட்டைப் பூவ ஒத்தி எடும்மா, சூடு இறங்கிரும். சாயங்காலம் பத்திரிகை வாங்க பார்ட்டி வருது. இந்த ஒண்ண மட்டும் முடிச்சிரு" என்றார்.

தலையைப் பிடித்துக்கொண்டே படித்த அக்கா, "டியூப்லைட்டச் சுத்தி வானவில் மாதிரி தெரியுதுடி" என்றார். அடுத்த நிமிடம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

நான் அக்காவின் பையை எடுத்துக்கொண்டேன். "சார், நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பார்ட்டிக்கு நான் என்ன சொல்ல?" என்றவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தானே கீழே ஓடி ஆட்டோ பிடித்தார்.

ஆட்டோக்காரரும் விடவில்லை. "இன்னாக்கா, கண்ணு இப்டி செவந்துகீது? எங்கூட்டாண்ட தாய்ப்பால் வுடுவாங்க. குளுகுளுன்னு ஆயிடும்."

"நீங்க கொஞ்சம் வேகமா போங்கண்ணே" என்றேன்.

அக்கா என் கையை விடவே இல்லை. "பார்வை போயிட்டா நான் என்னடி வேலை பாப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருந்தது. மருந்து கொடுத்து இறக்கி, பிறகு லேசர் செய்தார்கள். பார்வை போகாமல் தப்பியது. பன்னீரையும் முதலாளி சொன்ன பூவையும் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது டாக்டரம்மா கோபப்படவில்லை.

"அசதிக்கு வெள்ளரிக்காயோ ஈரத்துணியோ வைங்க, தப்பில்ல. ஆனா மூடின இமைக்கு மேலதான். உள்ள எதையும் விடாதீங்க. வலி, மங்கல், வெளிச்சத்தச் சுத்தி வளையம், இதுல எது வந்தாலும் உடனே வந்துடணும்."

அன்று வந்த பார்ட்டியிடம் முதலாளி நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். "மொதல்ல அவங்க கண்ணப் பாருங்க சார், நாங்க நாளைக்கு வர்றோம்" என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்களாம்.

நாள் முழுவதும் திரை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கண் களைத்தால் எழுந்து நின்று தூரத்தைப் பாருங்கள், குளிர்ந்த துணி வையுங்கள். வலித்தால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். எந்த டெலிவரியும் ஒரு நாள் தள்ளிப்போகலாம்.