மாமாவுக்கு முப்பத்து நான்கு புள்ளி

விமர்சனத்துக்கு வரும் நாவல்களையெல்லாம் என் மனைவிதான் முதலில் பிரிப்பாள். அட்டையையும் முதல் தாளையும் பழைய பத்திரிகையால் மூடி, எழுதியவர் யாரென்று தெரியாதபடி ஒட்டித் தருவாள். இது என் ஏற்பாடு. பெயரைப் பார்த்துவிட்டால் பென்சில் ஒன்று தளர்ந்துவிடும், அல்லது முறுக்கிக்கொள்ளும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் கிழக்கிலங்கையில் மருதமுனைக்காரன். கல்முனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு சூட்கேசோடு மனைவி வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். மிச்ச நேரத்தில், கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் புனைபெயரில் நாவல் விமர்சகர். அந்தப் பெயர் நான்தான் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். சொந்தப் பெயரில் எழுதிய காலத்தில், சிநேகிதர் ஒருவரின் கதாநாயகி இரண்டு தரம் சாகிறாள் என்று எழுதிவிட்டேன். அவள் இரண்டு தரம் செத்தது உண்மைதான். ஆனாலும் அவர் எனக்குச் சைக்கிள் இரவல் தருவதை நிறுத்திவிட்டார்.

எனக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தேன். ஒரு நாவலை முதலில் படுத்துக்கொண்டு வாசகனாக வாசிப்பேன். பிறகு உட்கார்ந்து, பென்சிலோடு. குறை சொன்னால் அந்த வரியை எடுத்துக் காட்டுவேன். அவர் எழுத நினைத்த கதையைத்தான் அளப்பேன், நான் ஆசைப்பட்ட கதையை அல்ல. நல்லது ஒன்றாவது தேடிப் பிடிப்பேன். அதற்காக அச்சு சுத்தமாக இருக்கிறது என்று எழுதித் தப்பிக்க மாட்டேன். பத்திரிகைக்காரர் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியும் கேட்பார். வாத்தியாருக்கு அது சொல்லியா தர வேண்டும்? முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி.

அந்த முறை வந்தது ஒரு காதல் நாவல். பட்டணத்தில் நடக்கிறது. கதாநாயகன் மோட்டார் காரில் வருவான், பெருமூச்சு விடுவான், மறுபடியும் காரில் ஏறுவான். ஓரிடத்தில் காதலர் இருவரும் சென்னைக் கடற்கரையில் உட்கார்ந்திருக்க, சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்குகிறது! கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதென்றால் அது உலகம் அழிகிற கியாமத்து நாளாகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினேன். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஒன்றை மறந்துபோனேன். எங்கள் ஊர்களில் மாமியார் மருமகன் முன்னால் வரமாட்டார். கலியாணம் முடிந்து எட்டு மாதமாகியும் என் மாமியின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. கண்ணில் படாத மாமி எப்போதும் ஏதோவொரு கதவுக்குப் பின்னால் இருப்பார் என்கிற சின்னக் கணக்கு எனக்கு உதிக்கவில்லை.

விமர்சனத்தில் கடலில் விழுந்த சூரியனைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். ஆனால் நடுவில் மூன்று பக்கம் என்னை எழுந்து உட்கார வைத்திருந்தது. கதாநாயகனின் சமையற்காரன் ஊருக்குப் போய், எருமை கட்டி நெற்கதிரைச் சூடு மிதிக்கிற இடம். களத்தில் நெல்லைப் ‘பொலி’ என்றே சொல்ல வேண்டும் என்று கிழவன் ஒருவன் அவனை அதட்டுவது, வைக்கோல் தூசு, எருமையின் மூச்சு, எல்லாம் உயிரோடு இருந்தன. ‘இது தெரிந்தவருக்குச் சென்னையில் என்ன வேலை?’ என்று கேட்டு முடித்தேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்து நான்கு. இன்னொன்று போட மனசு வந்தது, சட்டம் விடவில்லை.

பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மாமா பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். மாமா பெரிய போடியார். அறுபது ஏக்கர் வயல், பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்கார ஒரு கதிரை.

“மருமகன், ஒரு ரகசியம். இந்த நாவல் நான் எழுதின. போடியார் காதல் கதை எழுதுறான் எண்டு ஊரு சிரிக்கும், அதான் வேற பேர் போட்ட. மாமிக்கு மட்டுந்தான் தெரியும்.”

தேத்தண்ணி எனக்கு மூக்கில் ஏறியது.

“இந்த விமர்சகன் யாரோ தெரியா. ஒரு புள்ளி கூடப் போட்டா அவன்ட கையா முறிஞ்சி போகும்? நீங்க படிச்ச ஆள். இவனுக்குச் சுடச்சுட ஒரு மறுப்பு எழுதித் தாங்க.”

“ஓம் மாமா” என்றேன். வேறென்ன சொல்ல? வீடு மனைவியுடையது, சோறு மாமாவுடையது, எனக்கென்று இருந்தது அந்தச் சூட்கேஸ்தான். விஷயம் தெரிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்கு நடக்க வேண்டும். மனைவியோ பயத்தில் என் முகத்தைப் பார்க்கவே மறுத்தாள்.

இரண்டு நாள் என்னோடு நானே சண்டை பிடித்தேன். சூரியன் இறங்கவில்லை, அதன் நிழல்தான் தண்ணீரில் இறங்கியது என்று சாதித்தேன். பெருமூச்சுகளுக்கு உளவியல் காரணம் கண்டுபிடித்தேன். விமர்சகனுக்குப் பொறாமை, ரசனை வறட்சி, கண்ணிலும் கோளாறு என்று வசைபாடினேன். வசை நன்றாகவே வந்தது. கடைசியில் எழுபது புள்ளியும் போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

மாமா முன்னால் நின்று வாசித்தேன். சூரியனின் நிழலுக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. எட்டு மாதத்தில் மாமியின் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“அண்டைக்கும் என்னட்ட வந்து இப்படித்தான் சிரிச்சவ” என்றார் மாமா. “நீங்க வாசிச்சுக் காட்டக்குள்ள கதவுக்குப் பின்னால நிண்டிருக்கா. நான் எழுதுற நேரம் அவக்கு வாசிச்சுக் காட்டின வரிதானே, உடனே புடிச்சிட்டா. வெள்ளிக்கிழமை பத்திரிகையில அதே வரியக் கண்டதும் எனக்கும் ஆள் யாரெண்டு விளங்கிட்டு.”

என் கண் சூட்கேசைத் தேடியது. “மாமா, நான்...”

“இருங்க.” அவர் உள்ளே போய், நூலால் கட்டிய ஒரு கத்தைத் தாளோடு வந்தார். மேல் தாளிலேயே, அவர் கையெழுத்தில், எருமைகள் களத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. என் மறுப்பை நாலாக மடித்து என் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, கத்தையை என் கையில் வைத்தார்.

“இத அந்த விமர்சகனுட்டக் குடுங்க. மருமகன் வாசிக்க வேணாம்.”