ரேடியோ மேல் வைத்த கருவாடு

எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்த வருடமே வாங்கிய வால்வு ரேடியோ அது. பாடினால் நன்றாகச் சூடாகும். அதனால் மழைக்காலத்தில் கருவாடு நமுத்துப் போகாமலிருக்க, பொட்டலத்தை அதன் மேல்தான் வைப்பார் என் கணவர்.

ஒரு வாரமாக, ரேடியோ போட்ட கால் மணி நேரத்தில் வீடெல்லாம் நாற்றம். காரிமங்கலம் சந்தைக் கருவாடுதான் கெட்டுவிட்டதென்று குப்பையில் எறிந்தேன். நாற்றம் போகவில்லை, பாட்டும் கரகரத்தது.

"வால்வு லூசாயிருக்கும், நானே பாக்கறேன்" என்று அவர் பின்பக்க அட்டையைக் கழற்றினார். கருவாட்டுக்கு வந்த எலியொன்று வால்வுகளுக்கு நடுவே வெந்து, ரோமத்தோடு கம்பியில் ஒட்டிக் கிடந்தது. சீ! அதை வெறுங்கையால் பிய்க்கப் போனார்.

"ஐயோ, கைய எடுங்க! பிளக்கு செவுத்துலயே இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப் பிடுங்கினேன்.

எலியை எறிந்துவிட்டு வந்த மனிதர் சொல்கிறார்: "நல்ல கருவாட்ட அநியாயமா வீசிட்டியே புள்ள!"

இப்போதெல்லாம் அவர் ரேடியோவைக் கழற்றினால், பிளக் என் கையில் இருக்கும். கருவாடு மூடிய பானையில் இருக்கிறது. குழம்பும் வைக்கிறேன், அவருக்கு மட்டும்.