பூ விழுந்த கண்

முப்பது வருஷமாக ஆடுகளைத் தடவித் தடவியே ஓய்ந்துபோனவர் ஆசாரியன் யெதாயா. எருசலேம் ஆலய முற்றத்தில் அவருடைய முறை வரும் வாரமெல்லாம் இதே பாடுதான். பல், காது, குளம்பு, வால் என்று பார்த்து, பழுதில்லை என்றால்தான் ஆடு பலிபீடத்துக்குப் போகும். ஒரு வருஷமாக அவருக்கே பார்வை மங்கல். கண்ணில் பூ விழுந்த ஆசாரியன் பீடத்தருகே நிற்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே வாயைத் திறக்காமல் விரலாலேயே சமாளித்து வந்தார்.

அன்று தெக்கோவா ஊரிலிருந்து இத்ரான் என்ற உழவன், பாவம் தீர்க்கும் பலிக்காகப் பெண் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான்.

"கதிரடிக்க வரேன்னு தம்பிக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்யா. சுத்தமா மறந்துட்டேன். மழையில அவன் கோதுமை அத்தனையும் முளைச்சுப்போச்சு. தூக்கமே இல்லைங்க."

யெதாயா குட்டியைத் தடவினார். விரலுக்கு எந்தக் குறையும் தட்டுப்படவில்லை. "பழுதில்லை. குட்டி தலையில கையை வை. சும்மா தொட்டுட்டு எடுக்காத, முழு பாரத்தையும் வை" என்றார். ஆயிரம் பேருக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்த சொல்.

இத்ரான் அழுதுகொண்டே அழுத்தினான். பிறகு குட்டியின் தாடையை நிமிர்த்திக் கத்தியை எடுத்தான். இரத்தம் பிடிக்கக் கிண்ணத்தோடு குனிந்த யெதாயாவின் முகத்துக்கு நேராக, வெயிலில், குட்டியின் இடது கண். அதில் பாலாடைபோல ஒரு வெள்ளை.

வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் இவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். ஆனால் பழுதுள்ள குட்டியின் இரத்தம் இவனுக்காக ஏற்கப்படாதே!

"நிறுத்துப்பா. இது பழுது."

"நீங்கதானே இப்ப நல்லாருக்குன்னீங்க!"

"எனக்குத் தெரியலை. என் கண்ணுலயும் பூ விழுந்திருக்கு."

பக்கத்தில் நின்ற இளைய ஆசாரியன் இம்மேர் பதறிப்போய் அவர் காதருகே வந்தான். "அண்ணே, உளறாதீங்க! வெளிய தெரிஞ்சா சாகுற வரைக்கும் பீடத்துக்கிட்டப் போக முடியாது."

"இந்த ஒரு வருஷத்துல இப்படி எத்தனை பேரை அனுப்பினேனோ, இம்மேர். பாவம் தீர்ந்துச்சுன்னு நம்பிப் போயிருப்பாங்களே" என்று சொல்லிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் அத்தோடு முடிந்தது.

இத்ரான் முணுமுணுத்துக்கொண்டே குட்டியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நாள் வேறொரு குட்டியோடு வந்தபோது, வரிசையில் அவனுக்கு முன்னால், தன் பாவத்துக்காக வெள்ளாடு ஒன்றைப் பிடித்தபடி யெதாயா நின்றிருந்தார்.

இம்மேர் அந்த ஆட்டைக் கண் முதல் குளம்பு வரை பார்த்தான். "பழுதில்லை அண்ணே" என்றான்.

யெதாயா கையை வைத்தார். பழக்க தோஷம், காது மடலைத்தான் விரல் தேடியது. ஆட்டின் இந்தப் பக்கம் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

பின்னாலிருந்து இத்ரான் மெல்லச் சொன்னான்: "தொட்டுட்டு எடுக்காதீங்கய்யா. முழு பாரத்தையும் வைங்க."

அவர் வைத்தார். அந்தச் சிறிய தலை கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் ஆடு விலகாமல் நின்றது. யெதாயா வாய்விட்டு அழுதார்.