பொப்பா அருவியும் காப்புக் கயிறும்

யாங்கோன் அலோன் பேட்டையில் எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. வருஷம் தவறாமல் அம்மனுக்குக் காப்புக் கட்டி, விரதம் இருந்து தீ மிதிக்கிறவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனாலும் இந்த வருஷம் இறங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, தீயில நடக்கச் சொல்லலை" என்றாள் எங்கள் மகள். வீட்டில் தினமும் இதே ரகளை. கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள். பொப்பா மலைக்காட்டு அருவி வரைக்கும் நிற்காமல் நடந்து காட்டினால் காப்புக் கட்டிக்கொள்ளலாம். "அவ்வளவுதானே?" என்று மீசையைத் தடவினார். பெரிய சூரர்!

யாங்கோனிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, விடிந்ததும் அடிவாரத்தில் இறங்கினோம். வழிகாட்ட வந்த பர்மியர் இவருடைய சட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மலையில் குடியிருக்கிற நாட் தெய்வங்களுக்குச் சிவப்பு ஆகாதாம். இவரோ அம்மனை நினைத்துச் சிவப்பாகவே போட்டு வந்திருந்தார்.

"நம்ம ஆத்தாவுக்குப் பிடிச்சது இவங்களுக்கு ஆகாதாமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மகளின் சாம்பல் நிறக் குளிர் ஜாக்கெட்டை மேலே மாட்டிக்கொண்டார். ஜாக்கெட்டின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கி ஓய்ந்த மலை அது. கொஞ்ச தூரம் மர நிழல். அப்புறம் ஓட்டை ஓட்டையாகக் கறுப்புக் கல், செருப்பைப் பிறாண்டும். மகளும் வழிகாட்டியும் முன்னால் போய்விட்டார்கள். இவர் அங்கங்கே நின்று, "அந்தப் பறவையைப் பாரு" என்றார். கல்யாணமான நாளாக ஒரு காக்கையைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனுஷர்! உதடு வெளுத்திருந்தது.

"உட்காருங்களேன்."

"சும்மா இருடி, அவ காதுல விழப்போவுது."

மகளிடம் சொன்னால் ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டார். சொல்லாவிட்டால் அந்த ஆயுசு மிஞ்சுமா என்று பயம். ஆத்தா, நீயே பார்த்துக்கொள் என்று பின்னாலேயே நடந்தேன்.

அருவி ஒன்றும் பெரிதில்லை. கறுப்புப் பாறையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் விழுகிறது, தண்ணீர் மட்டும் அப்படியொரு சில்லிப்பு. மகள் கைதட்டினாள். "ஜெயிச்சிட்டீங்கப்பா! காப்புக் கட்டிக்குங்க, நான் தடுக்கலை."

இனியும் பொறுக்க முடியாது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்து, "வேணாம்மா" என்றார்.

"ஏன்பா? நடந்துட்டீங்களே?"

"நின்னு நின்னுதான் வந்தேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது." தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "பயமா இருக்கும்மா."

தீக்குழி முன்னால் நின்றுகூட அவர் வாயில் வராத வார்த்தை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளும் வழிகாட்டியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும்தாங்க," என்றேன். "நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து."