நான்கு டம்ளர் காப்பி

வடசேரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணச் சமையல்காரர். பருத்த உடம்பு, நரைத்த மீசை. ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. சமையலுக்கு அழைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அவர் விடவில்லை. நான்கு கடைகளில் வறுத்த காப்பிக்கொட்டை வாங்கி, தினமும் காலையில் தனித்தனியாக அரைத்து, நான்கு டம்ளரில் காப்பி போடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்து, குடித்துப் பார்ப்பார்.

"ஏதாவது தெரியுதா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலும் வெந்நிதான் மக்கா. நாளைக்கும் பாப்பேன்."

மாதக்கணக்கில் பார்த்தார். ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு மூன்றாவது டம்ளரை நீட்டினார்.

"இது தீஞ்சிருக்கு, இல்லியா?"

குடித்தேன். நன்றாகவே தீய்ந்திருந்தது. "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

டம்ளரைத் திரும்ப வாங்கி, மீதியைச் சொட்டு விடாமல் குடித்தார். தீய்ந்த காப்பியை அவ்வளவு ஆசையாகக் குடித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.